ரோலண்டின் இரும்பு வளையம்

மின்மாற்றியோ மின்தூண்டியோ அமைக்க முனைவோர் முதலில் தேடுவது, உள்ளகப் பொருளின் காந்த உட்புகுதிறனை. வெற்றிடத்தோடு ஒப்பிட, அப்பொருள் எத்தனை மடங்கு எளிதாகக் காந்த விசைக்கோடுகளைத் தன்னுள் ஏற்கிறது என்று கூறும் எண் அது. இன்று அட்டவணையில் ஒரு வரியாக அடங்கிக் கிடக்கும் அவ்வெண்ணின் வரலாற்றில், திருப்பியனுப்பப்பட்ட ஒரு கட்டுரைக்கு முக்கிய இடம் உண்டு.

அதை எழுதியவர் ஹென்றி ரோலண்ட். அமெரிக்காவின் டிராய் நகரில், ரென்சலேர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இளைஞர். நேரான இரும்புச் சட்டத்தில் இரு முனைகளும் துருவங்களாகி அளவீட்டைக் குழப்பிவிடும். வளையத்துக்கோ முனையே இல்லை. ஆகவே அவர் இரும்பை வளையமாக்கிக் கம்பி சுற்றினார். மின்னோட்டத்தைச் சட்டெனத் திசைமாற்றி, இன்னொரு சுருளோடு இணைந்த கால்வனோமீட்டரின் துள்ளலை அளந்தார். இரும்பு, எஃகு, நிக்கல் மூன்றையும் ஆராய்ந்தார்.

கண்டது என்ன? உட்புகுதிறன் மாறா எண் அன்று. காந்தமாக்கம் கூடக்கூட அது முதலில் உயர்கிறது. ஓர் உச்சத்தைத் தொடுகிறது. பின்னர் தெவிட்டுநிலையை நோக்கிச் சரிகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் ரஷ்யரான ஸ்டோலெடோவும் இரும்பு வளையத்தைக்கொண்டு இத்தகைய உச்சத்தைக் கண்டு, 1872இல் வெளியிட்டிருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ரோலண்டின் கட்டுரையை அமெரிக்க அறிவியல் இதழொன்று ஒருமுறைக்கு மேல் மறுத்தது. அவர் அதனை மாக்ஸ்வெல்லுக்கு அனுப்பினார். அதன் மதிப்பை உணர்ந்த மாக்ஸ்வெல்லின் முயற்சியால், 1873இல் லண்டனின் 'பிலாசஃபிகல் மேகசின்' அதை வெளியிட்டது. பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் இயற்பியல் பேராசிரியரானார் ரோலண்ட்.

அதன்பின் வழி விரிந்தது. 1885இல் ஜான் ஹாப்கின்சன் பலவகை இரும்பையும் எஃகையும் அளந்து, அவற்றின் வேதிக்கூறுகளோடு சேர்த்துப் பதிவுசெய்தார். சிலிக்கான் எஃகும், நிக்கல் மிகுந்த பெர்மல்லாயும், ஃபெரைட்டும் அடுத்தடுத்து வந்தன.

இன்றைய விவரத்தாள்களில் தொடக்க உட்புகுதிறன், பெரும உட்புகுதிறன் என்று தனித்தனியே குறிப்பிடுகிறார்களே, அதன் வேர் அந்த வளையத்தில் இருக்கிறது. எந்தப் புலத்தில், எந்த வெப்பநிலையில், எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்று கேளாமல் ஓர் எண்ணை மட்டும் எடுத்தாள்பவரின் கணக்கு, உள்ளகம் தெவிட்டியதும் பொய்த்துப்போகும். அட்டவணையில் எண்ணைப் பார்த்தபின் அருகிலுள்ள வளைகோட்டையும் நாம் படித்தாக வேண்டும். மறுக்கப்பட்ட அக்கட்டுரை சொன்னதும் அதுவே.