சிதறல் காரணி

கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி என்றும் அழைக்கப்படும் புரதம். இணைப்புத் திசுவின் செல்கள் இதைச் சுரக்கின்றன. உறுப்புகளின் உள்வரிச் செல்கள் ‘மெட்’ என்னும் ஏற்பியால் இதைப் பற்றிக்கொள்கின்றன.

ஆய்வகத் தட்டில் நாயின் சிறுநீரகச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிறு சிறு தீவுகளாக வளரும். இக்காரணியைச் சேர்த்தால் ஒரு நாளுக்குள் அவை தட்டையாக விரிந்து, பக்கத்துச் செல்லின் பிடியை விட்டு, தனித்தனியே நகரத் தொடங்கிவிடும். மைக்கேல் ஸ்டோக்கரும் பெரிமேனும் இக்காரணியை 1985இல் விவரித்தனர். கல்லீரல் மீண்டும் வளர்வதை ஆராய்ந்த ஜப்பானியர் கண்ட புரதமும் இதுவே என்பது 1991இல் உறுதியானது.

கரு வளரவும் காயம் ஆறவும் இந்த நகர்வு இன்றியமையாதது. புற்றுநோய் புதுவழி எதையும் தேடுவதில்லை, இதையே எடுத்துக்கொள்கிறது. மெட் தூண்டப்பட்டதும் செல்களைப் பிணைக்கும் ஈ-கேதரின் தளர்கிறது, சுற்றுத்திசுவைக் கரைக்கும் நொதிகள் சுரக்கின்றன, இரத்தக் குழாய்க்குள் நுழைய வழி திறக்கிறது. புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவை பரவலால் நேர்பவை என்பதால், ஆய்வில் இதற்குத் தனி இடம் உண்டு.

சில நுரையீரல் புற்றுகளில் மெட் மரபணுவின் 14ஆம் எக்ஸான் விடுபட்டுப்போக, ஏற்பி சிதையாமல் நீடிக்கிறது. அதை அடக்கும் கேப்மாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்கா 2020இல் ஒப்புதல் அளித்தது.