யார் பிரசவம் பார்த்தது?

கணிதம் படிக்க வந்து, பொதுத்தமிழுக்காக என் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி இப்போது சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் இருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டேன். “ஆபீஸ்ல ஒரு வேலை எப்படி நடக்கணும்னு விதி எழுதி வச்சிருப்பாங்கள்ல மேடம். நிஜத்துல அது எப்படி நடக்குதுன்னு நாங்க கண்டுபிடிச்சுச் சொல்லுவோம்” என்றாள். யாரையும் கூப்பிட்டு விசாரிப்பதில்லையாம். கணினியில் தானாகச் சேர்ந்துகொண்டிருக்கும் நிகழ்வுப் பதிவுகளே போதுமாம்.

‘ப்ராசஸ் மைனிங்’ என்று இதற்குப் பெயர். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் என்ற கணினி அறிவியலாளர் 1990களின் கடைசியில் தொடங்கிவைத்த துறை. காப்பீட்டுக் கோரிக்கை, வங்கிக் கடன் மனு, மருத்துவமனை ரசீது என எதுவானாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதன்மேல் யாராவது கை வைக்கும்போதெல்லாம் ஒரு வரி பதிவாகிறது: எந்த எண், என்ன செய்யப்பட்டது, எப்போது. இந்த மூன்று பத்திகளும் கட்டாயம் வேண்டும். யார் செய்தது என்ற நான்காவது பத்தியும் இருந்தால் நல்லது. வரிகளை எண்வாரியாகப் பிரித்து நேரவாரியாக அடுக்கினால், வேலை உண்மையில் நடந்த வழி படமாக வந்துவிடும். விதிப்புத்தகத்தில் நேர்கோடாக இருப்பது அங்கே சிக்குப்பிடித்த நூல்கண்டாக இருக்கும். கோப்பு எங்கே நாட்கணக்கில் கிடக்கிறது, எங்கிருந்து திரும்பிப் போகிறது, எந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அவள் நான்காவது பத்தியைச் சொன்னதும் எனக்கு அபர்தீன் நகரம்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலிருக்கும் அந்த ஊரில் 1789 டிசம்பரிலிருந்து 1792 மார்ச் வரை பிரசவக் காய்ச்சல் பரவியது. பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் குளிர்காய்ச்சல் வரும். வயிற்றில் கை வைக்க முடியாத வலி. பலர் ஒரு வாரம் தாண்டவில்லை. கெட்ட காற்று என்றும், சுரக்காமல் உள்ளே தேங்கிய பால் என்றும் மருத்துவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஊரின் ஏழைகளுக்கான மருந்தகத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் கோர்டன் வேறொன்று செய்தார். நோய் கண்ட 77 பெண்களை ஓர் அட்டவணையில் வரிசையாக எழுதினார். பெயர், வயது, இருப்பிடம், நோய் கண்ட நாள், பிழைத்தாளா இறந்தாளா என்ற விவரங்கள். இவற்றோடு இன்னொரு பத்தி: யார் பிரசவம் பார்த்தது.

அந்தப் பத்தியை மேலிருந்து கீழாகப் படித்தால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. சில மருத்துவச்சிகள் தொட்ட பெண்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதே தெருவில், அதே காற்றைச் சுவாசித்து, வேறொருத்தியிடம் பிள்ளை பெற்றவளுக்கு வரவில்லை. யார் பிரசவம் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தாலே அந்தப் பெண்ணுக்கு நோய் வருமா வராதா என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்கிற இடத்துக்குக் கோர்டன் வந்துவிட்டார். 1795இல் அதைப் புத்தகமாக்கினார். நோயாளியின் துணிகளை எரிக்கவோ புகையிடவோ வேண்டும், நோயாளியைக் கவனித்தவர் தன்னை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். கிருமி என்ற பேச்சு மருத்துவத்துக்குள் நுழைய அப்போது இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. (அதே புத்தகத்தில், காய்ச்சல் வந்தவளுக்கு நிறைய ரத்தம் வடித்தெடுப்பதே வைத்தியம் என்றும் வாதாடுகிறார். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன.)

மருத்துவச்சிகளின் பெயர்கள் அச்சில் ஏறின. கோர்டன் தன்னையும் விட்டுவைக்கவில்லை. பல பெண்களுக்கு இந்நோயைக் கொண்டுசேர்த்தது தானே என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் அவர் தன்னைப் பற்றித் தானே எழுதினார், மருத்துவச்சிகளைப் பற்றியும் அவரேதான் எழுதினார். எந்த மருத்துவச்சி தன் பக்கத்தைச் சொல்ல எங்கே புத்தகம் போட்டாள்? ஊர் கோர்டன்மேல் கோபப்பட்டது. அவர் ஊரைவிட்டுக் கடற்படைப் பணிக்குப் போனார், 1799இல் இறந்தார். மருத்துவச்சிகள் அந்த அட்டவணையோடு அதே ஊரில் வாழ வேண்டியிருந்தது.

‘யார்’ என்ற பத்தியைத் திறந்தால் எல்லோருடைய பார்வையும் கீழே இருப்பவர்மேல்தான் முதலில் விழும் என்று என் மாணவியிடம் சொன்னேன். “அதனாலதான் மேடம் நிறைய கம்பெனில அந்தக் காலத்தை மறைச்சுட்டுத் தருவாங்க” என்றாள். காலம் என்று அவள் சொன்னது பத்தியை.

அரை நூற்றாண்டு கழித்து வியன்னாவில் அந்தப் பத்தி இல்லாமலே ஒரு பெரிய பதிவேடு இருந்தது. அங்கே பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவு 1784இல் தொடங்கியது. அப்போதிருந்து எத்தனை பிரசவம், எத்தனை சாவு என்ற கணக்கு எழுதப்பட்டு வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுவேலை செய்யும் பெண்கள், கூலிக்காரிகள், கல்யாணமாகாமல் கருவுற்றவர்கள். இலவசச் சிகிச்சை கிடைக்கும், குழந்தையைப் பக்கத்திலிருந்த அனாதைக் குழந்தைகள் இல்லம் ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு, மாணவர்கள் கற்றுக்கொள்வதற்குத் தங்கள் உடம்பைக் கொடுக்க வேண்டும்.

பிரிவு வளர்ந்து, 1833இல் இரண்டாகப் பிரிந்தது. 1840இல் ஓர் அரசாணை வந்தது: முதல் பிரிவில் ஆண் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள். அதுவரை இரண்டு பிரிவுகளின் சாவுக் கணக்கிலும் பெரிய வித்தியாசமில்லை. அதற்குப் பிறகு வந்தது. 1846ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். முதல் பிரிவில் 4,010 பிரசவங்களில் 459 சாவு. மருத்துவச்சிகளின் பிரிவில் 3,754க்கு 105.

பெண்களுக்கு இதைத் தெரிந்துகொள்ளப் பதிவேடு தேவைப்படவில்லை. எந்தப் பிரிவில் எந்த நாள் சேர்ப்பார்கள் என்பது மாறிமாறி வரும். முறை தெரியாமல் வந்து, இது முதல் பிரிவின் நாள் என்று வாசலில் தெரிந்ததும், மண்டியிட்டுக் கை கூப்பித் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். இன்னும் சிலர் வழி கண்டுபிடித்தார்கள். ஊருக்குள் ஒரு மருத்துவச்சியிடம் பிள்ளை பெற்றுக்கொண்டு, உடனே வண்டி பிடித்து மருத்துவமனைக்கு வந்து, வரும் வழியில் தெருவிலேயே பிறந்துவிட்டது என்று சொல்வார்கள். குழந்தைக்கு இல்லம் கிடைக்கும், மாணவர்களின் பரிசோதனையும் இருக்காது. ‘தெருப்பிரசவம்’ என்று பதிவான இவர்களுக்குக் காய்ச்சல் வருவது அபூர்வம்.

இந்த அறிவை மருத்துவம் என்ன செய்தது தெரியுமா? அதையே நோய்க்குக் காரணமாக்கியது. முதல் பிரிவின் கெட்ட பெயரைக் கேட்டுப் பெண்கள் பயப்படுகிறார்கள், பயத்தால் காய்ச்சல் வருகிறது என்று ஒரு விளக்கம் இருந்தது. சாகிறவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்ய மணியடித்துக்கொண்டு அறைகளின் வழியே போகும் பாதிரியாரும் பயத்துக்குக் காரணம் என்றார்கள். அந்தப் பிரிவில் 1846இல் உதவி மருத்துவராகச் சேர்ந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரியருக்கு அது சரியாகப் படவில்லை. சாவுகளைப் பார்த்துத்தானே பயம் வந்தது, முதல் சாவுகளுக்குப் பயம் எப்படிக் காரணமாகும் என்று கேட்டார். பாதிரியாரைச் சத்தமில்லாமல் சுற்றுவழியில் வரச் செய்தும் பார்த்தார். சாவு குறையவில்லை. பெண்களைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்தார். அதுவும் பலிக்கவில்லை. நெரிசல் என்றால், எல்லோரும் ஓடிவந்து சேரும் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம்.

பதிவேட்டைச் செம்மல்வைஸ் படித்த விதம் என் மாணவியின் வேலையேதான். முதல் பிரிவில் காய்ச்சல் அடுத்தடுத்த கட்டில்களில் வரிசையாக வந்தது. இரண்டாவதில் அப்படியில்லை. கர்ப்பப்பை வாய் திறக்க நெடுநேரம் எடுத்துக்கொண்ட பெண்கள் முதல் பிரிவில் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். நீண்ட வலி என்றால், அவ்வளவு நேரமும் மாணவர்கள் மாறிமாறி உள்ளே கைவிட்டுப் பார்த்திருப்பார்கள். கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதையும் கவனித்தார். முதல் பிரிவில் நோய் கண்டவர்களைப் பொது வார்டுகளுக்கு மாற்றிவிடுவது உண்டு. அவர்கள் அங்கே இறந்தால் பிரசவப் பிரிவின் கணக்கில் வரமாட்டார்கள். 459 என்பதே குறைத்துக் காட்டிய எண்.

1847 மார்ச்சில், பிரேதப் பரிசோதனையின்போது மாணவனின் கத்தி விரலில் பட்டு, தடயவியல் மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொல்லெச்கா இறந்தார். அவருடைய உடலில் கண்ட மாற்றங்கள், இறந்த தாய்மாரின் உடல்களில் கண்டவையாகவே இருந்தன. பதிவேட்டில் இல்லாத நிகழ்வு இப்போது தெரிந்தது. மாணவர்களும் மருத்துவர்களும் காலையில் பிணவறையில் இருந்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிப் பெண்களுக்குப் பிணவறையில் பாடம் இல்லை. ‘அறிவியல்’ எட்டாத இடம் என்று ஒதுக்கப்பட்ட பிரிவுதான் பெண்களை உயிரோடு அனுப்பிக்கொண்டிருந்தது.

மே மாதம் நடுவில், குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த பிரிவில் ஜூலையில் ஒருவர்தான். அக்டோபரில் மறுபடியும் ஓர் அடி. கர்ப்பப்பைப் புற்றோடு இருந்த ஒருத்தியை முதலில் பரிசோதித்துவிட்டு, அடுத்தடுத்து 12 பேரைப் பார்த்தார்கள். 11 பேர் இறந்தார்கள். பிணம் மட்டுமில்லை, சீழ் வடியும் உயிருள்ள உடம்பும் போதும் என்று தெரிந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் நடுவில் கை கழுவ வேண்டுமென்று விதி மாறியது. 1848 முழுவதும் 3,556 பிரசவங்களில் 45 சாவு. மருத்துவச்சிகளின் பிரிவுக்குச் சமமாக வந்துவிட்டது.

பின்னர் அவர் பழைய ஏடுகளுக்குப் போனார். 1784 முதல் 1822 வரை சாவு நூற்றுக்கு ஒன்றேகால். 1823இலிருந்து அடுத்த பத்தாண்டுகளில் ஐந்துக்கு மேல். நடுவில் தலைமை மாறியிருந்தது. முன்பிருந்த போயர், பயிற்சிக்குப் பிணங்களைக் கொடுக்க மறுத்து பொம்மையில் கற்றுத்தந்தவர். பிறகு வந்தவர் பிணங்களில் கற்றுத்தந்தார். காரணம் தேடித் தினமும் காலையில் இறந்த பெண்களை அறுத்துப் பார்த்த தன் கைகளும் எத்தனை பேரைக் கொன்றன என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று செம்மல்வைஸும் எழுதினார். தாய்மாரைக் காத்தவர் என்று இன்று அவருக்குச் சிலைகள் உண்டு. வாசலில் மண்டியிட்டவர்கள் அவருடைய அட்டவணைகளில் எண்களாக இருக்கிறார்கள்.

இதையெல்லாம் மாணவியிடம் சொன்னபோது, தன் வேலையில் ஒரு குறையைச் சொன்னாள். “நம்பர் போட்ட பிறகுதான் மேடம் எங்களுக்கு அந்த ஆளே பிறக்கிறாங்க. பெஞ்சில உக்காந்திருந்த நேரம் பதிவுல வராது.” பிரசவ மரணங்களைப் பற்றி 1994இல் தேடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை மூன்று தாமதங்களைச் சொல்கிறது: போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். முதல் இரண்டும் மருத்துவமனையின் ஏட்டுக்கு வெளியே நடப்பவை. இன்று தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்ணுக்கு ஓர் எண் தந்து பதிகிறார்கள். பிரசவத்தில் ஒருத்தி இறந்தால், வீட்டுக்கே போய், வலி எப்போது வந்தது, எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்கும் விசாரணையும் இருக்கிறது.

எங்கள் பாட்டியின் அக்கா தலைப்பிரசவத்தில் ‘ஜன்னி கண்டு’ போனவள். பிள்ளை பெற்றபின் வரும் காய்ச்சலுக்கும் பிதற்றலுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரே சொல்தான். அவளுக்கு எண் கிடையாது, தேதி கிடையாது. போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், யார் பிரசவம் பார்த்தது என்று. “அது யாருக்குத் தெரியும்? ஐப்பசி மழையாம். ராத்திரி முழுக்க வண்டிக்கு ஆள் மேல ஆள் அனுப்பினாங்களாம். விடியத்தான் ஒண்ணு வந்துச்சுன்னு பாட்டி சொல்லும்” என்றாள்.