அங்கே யார் சமைக்கிறாங்க?

போன வாரம் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தப்போ ஒரு அக்கா கேட்டாங்க: "ஆப்பிரிக்காப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடுன்னு காசு கேட்கிறாங்களே, அங்கே போய் யாருப்பா சமைச்சுப் போடுறது?" அப்போ எனக்குப் பதில் தெரியல. பிறகு தேடிப் படிச்சதை எழுதுறேன்.

1992-ல் போஸ்னியாவில் போர். ஸ்காட்லாந்தில் டால்மாலி என்ற சின்ன ஊர். அங்கே மீன் பண்ணையில் வேலை செய்த மேக்னஸ் மெக்ஃபார்லேன்-பேரோ என்ற இளைஞர், தொலைக்காட்சியில் அகதிகளைப் பார்த்தார். அவரும் அவருடைய சகோதரரும் ஊர் மக்களிடம் உணவும் போர்வையும் சேர்த்து, ஒரு லேண்ட் ரோவரில் ஏற்றிக்கொண்டு போஸ்னியாவுக்கே ஓட்டிப் போனார்கள். ஒரே ஒரு பயணம், அதோடு சரின்னுதான் நினைப்பு. திரும்பி வந்தால், அப்பா வீட்டுத் தகரக் கொட்டகை நிறைய பொருள்! சனங்க கொண்டுவந்து கொடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க. மேக்னஸ் வேலையை விட்டுவிட்டார்.

2002-ல் மலாவி நாட்டில் கடும் பஞ்சம். அங்கே ஒரு வீட்டில் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த ஒரு தாயை அவர் பார்த்தார். சுற்றி ஆறு பிள்ளைகள். மூத்தவனுக்கு 14 வயது. உனக்கு என்னப்பா ஆசைன்னு கேட்டதற்கு, வயிறாரச் சாப்பிடணும், ஒருநாள் பள்ளிக்கூடம் போகணும் என்றானாம். அவ்வளவுதான் அவன் கேட்டது. இரண்டையும் சேர்த்தால் வழி கிடைத்தது: சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே போடுவது. அந்த ஆண்டே 200 பிள்ளைகளோடு 'மேரிஸ் மீல்ஸ்' தொடங்கியது. அவர் கத்தோலிக்கர், அதனால் அன்னை மரியாளின் பெயர். பசிக்கிற பிள்ளைக்கு எந்தப் பேரில் சோறு வந்தால் என்ன?

இப்போ அக்கா கேட்ட கேள்விக்கு வர்றேன். ஸ்காட்லாந்திலிருந்து யாரும் போய்க் கரண்டி பிடிக்கிறது இல்லீங்க. அந்தந்த ஊர்த் தாய்மார், பாட்டிமார்தான் சமைக்கிறாங்க. சம்பளம் கிடையாது, முறை வைத்து வருகிறார்கள். நாங்க ஆள் தருகிறோம் என்று ஊரே பொறுப்பேற்ற பிறகுதான் அந்தப் பள்ளிக்கு மாவு போகும். விடியும் முன்பே அடுப்பு மூட்டி, பெரிய பானைகளில் 'லிக்குனி பாலா' என்ற கஞ்சியைக் கிண்டுவார்கள். மக்காச்சோளமும் சோயாவும் அரைத்த மாவு, கொஞ்சம் சர்க்கரை, சத்துப்பொருள் சேர்த்தது. தானியத்தையும் முடிந்தவரை மலாவி விவசாயிகளிடமே வாங்குகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு குவளை.

மலாவியில் மட்டும் இப்படி 80,000-க்கும் மேற்பட்ட தொண்டூழியர்கள் இருக்காங்க. சாப்பிடுகிற பிள்ளைகள் 1 மில்லியனுக்கும் மேல். திருவிழா நாளில் ஆயிரம் பேருக்குச் சமைத்தாலே நமக்கு மறுநாள் தோள் தூக்க முடியாது. அவங்களுக்குப் பள்ளி நடக்கிற நாளெல்லாம் அதே வேலை.

என் கணிப்பு இதுதான்: ஆட்களை அனுப்பிச் சமைத்திருந்தால், காசு குறைந்த முதல் ஆண்டே அடுப்பு அணைந்திருக்கும். தன் பிள்ளை வரிசையில் நிற்கும்போது எந்த அம்மா அடுப்பை விட்டுப் போவாள்?

நேற்று இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுட்டு, "சரி, அவ்வளவு பெரிய பானையை யாருப்பா தேய்க்கிறது?" என்றார்.

அதுவும் அந்த அம்மாக்கள்தான், அக்கா.