பேதி உப்பும் இதயமும்

போன மாதம் பெரியப்பா ஒரு மாத்திரை டப்பாவை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுடா" என்றார். மெக்னீசியம். இதயத்துக்கு நல்லது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்களாம். அவருக்கு ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு. நான் பி.காம் மாணவன், மருத்துவன் இல்லை. ஆனாலும் தேடிப் படித்ததில் ஒரு வரலாறு கிடைத்தது.

1618ல் இங்கிலாந்தின் எப்சம் ஊரில் ஒரு குட்டைத் தண்ணீரை மாடுகள் குடிக்க மறுத்தன என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கசப்பு நீரைக் காய்ச்சி எடுத்ததுதான் எப்சம் உப்பு. நம் ஊரில் பேதி உப்பு. அது மெக்னீசியம் சல்பேட்.

1836ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரகம் கெட்டு இறந்தவர்கள் பலருக்கு இதயம் பெருத்திருந்ததைப் பதிவு செய்தார். இன்றும் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலரைக் கொண்டுபோவது இதய நோய்தான். ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிவது அதற்கு ஒரு காரணம்.

மெக்னீசியத்துக்கும் இதயத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு அதை ஊசி வழியே ஏற்றினால் உயிர் பிழைப்பார்கள் என்று சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்லின. 1992ல் லெஸ்டரில் 2,316 பேரிடம் நடந்த ஆய்வில் மரணம் 24 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் உற்சாகம். 1995ல் 'ஐசிஸ்-4' ஆய்வு வந்தது. 58,050 நோயாளிகள். பலன் எதுவும் தெரியவில்லை. 2002ல் 6,213 பேரிடம் நடந்த 'மேஜிக்' ஆய்விலும் அதே கதைதான்.

சிறுநீரக நோயாளிகள் விஷயத்திலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடந்தது. இங்கே கேள்வி வேறு: மாத்திரை கொடுத்தால் குழாயில் சுண்ணாம்பு படிவது குறையுமா? 2019ல் ஜப்பானில் 125 பேரிடம் நடந்த ஆய்வு 'குறைகிறது' என்றது. இடைக்காலக் கணக்கிலேயே பலன் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஒப்பிடுவதற்குப் போலி மாத்திரை கொடுக்கவில்லை. 2023ல் டென்மார்க், நார்வே ஆய்வு வெளிவந்தது. 148 பேர், ஒரு வருடம், போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் மெக்னீசியம் ஏறியது. சுண்ணாம்பு படிவது குறையவில்லை.

இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான். ஆகவே இது கடைசித் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தணிக்கைப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லித் தருவது ஞாபகம் வந்தது. நாலு வவுச்சர் சரியாக இருந்தது என்பதற்காக மொத்தக் கணக்கும் சரி என்று கையெழுத்துப் போடக் கூடாது!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிஞ்சிய மெக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும். பழுதானதால் அது முடியாது. உடம்பில் தேங்கினால் தசை சோரும், ரத்த அழுத்தம் இறங்கும், மிக அதிகமானால் இதயமே நின்றுபோகலாம். இதயத்துக்கு என்று வாங்கியது இதயத்தையே நிறுத்துவதா?

பெரியப்பாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. "டாக்டர்கிட்ட காட்டாம ஒண்ணுகூடப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.