இரண்டு கல்தேர்கள்

குன்றாண்டார்கோவிலிலிருந்து வந்த நண்பர்கள் இருவருக்குச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையைக் காட்டினேன். சென்ட்ரல், ரிப்பன் கட்டடம் (1913), உயர் நீதிமன்றம் (1892) எல்லாம் பஸ் ஜன்னல் வழியாகவே முடிந்துபோயின. எல்.ஐ.சி.யின் 14 மாடிகளை (1959) எண்ணிவிட்டு ‘இவ்வளவுதானா’ என்றார்கள். வள்ளுவர் கோட்டத்தில்தான் நின்றார்கள்.

‘‘ஏம்ப்பா, நம்ம ஊர்லயுந்தான் கல்லுல தேர் இருக்கு. அதை யாரு வந்து பாக்குறா?’’

ஊர்ப்பாசம் என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை.

எங்கள் ஊர்க் குன்றைக் குடைந்தது எட்டாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில். குகைக்கு முன்னால் இருக்கும் மண்டபம் பல நூற்றாண்டுகள் பிந்தியது, விஜயநகரக் காலத்தது. அதன் அடித்தளத்தில் சக்கரங்கள், இழுக்கும் குதிரைகள். மேலே வெறும் தூண்களும் தட்டைக் கூரையும். கலசம் இல்லை, தொம்பை இல்லை. மண்டபம் தான் மண்டபம் என்பதை மறைக்கவில்லை. பார்ப்பவன்தான் மிச்சத் தேரைக் கட்டிக்கொள்ள வேண்டும். தாராசுரத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பியும் இவ்வளவோடுதான் நிறுத்திக்கொண்டான். இது உருவகம்.

வள்ளுவர் கோட்டத்தில் அடிமுதல் முடிவரை முழுத்தேர், 39 மீட்டர். திருவாரூர்த் தேரை மாதிரியாகக் கொண்டு கணபதி ஸ்தபதி செய்தது. உளியின் தேர்ச்சியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாம் சொல்லியாகிவிட்டது; பார்ப்பவனுக்கு வேலை வைக்கவில்லை. நம் கவிதைகள் பலவற்றுக்கும் இதே நோய்.

மரத்தேர் ஊர் கூடி இழுப்பதால் தேர். கல்தேரை நகர்த்தக் கற்பனை வேண்டும், அல்லது ஓர் அரசாங்கம் வேண்டும். கோட்டத்தைக் கட்டிய கருணாநிதியின் ஆட்சி 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டது. அதே ஏப்ரலில், நெருக்கடி நிலையின் நடுவே, குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது திறந்துவைத்தார். குறள் 1330-ம் கல்லில் வெட்டியிருந்தது. வெளியே பத்திரிகைக்குத் தணிக்கை. பழுதாகிக் கிடந்ததை 2025-இல் புதுப்பித்தார்கள்.

சிறுவயதில் நாங்கள் மூவரும் ஊர் மண்டபத்துச் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்ததுண்டு. இங்கே யாரும் கை வைக்கவில்லை. நண்பர் அண்ணாந்து பார்த்துவிட்டு, எத்தனை லட்சம் ஆகியிருக்கும் என்று கேட்டார்.