ரயிலுக்கு முன்னால ஒரு பேகல்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு கேள்வி. நியூயார்க்கில் ரெண்டு நாள் சுத்திட்டு, மூணாவது நாள் காலையில மாண்ட்ரியாலுக்கு ரயில் பிடிக்கப் போற ஒருத்தர் கேட்டது: "ரயில் ஏறுறதுக்கு முன்னாடி நல்ல பேகல் எங்க சாப்பிடலாம்?"

அந்த ரயிலோட பேர் அடிராண்டாக். ஆம்ட்ராக் 1974-ல் ஆரம்பித்த சேவை. (நடுநடுவே நின்றும் போயிருக்கிறது, அதனால டிக்கெட் போடும்போது ஒருமுறை பார்த்துக்கோங்க.) மன்ஹாட்டனில் காலையில் கிளம்பி, ஹட்சன் ஆற்றை ஒட்டியே வடக்கே போய், எல்லை தாண்டி, பத்து மணி நேரத்துக்கும் மேல ஓடி மாண்ட்ரியால் போய்ச் சேரும். வட அமெரிக்காவில் பேகலுக்குப் பேர்போன ஊர் ரெண்டு. அந்த ரெண்டையும் இந்த ஒரே ரயில் இணைக்கிறது. அதனால கேள்வி கேட்டவருக்கு அதிர்ஷ்டம்தான்.

ஆனா "எங்க"ங்கறதைவிட "எப்போ"ங்கறதுதான் முக்கியமான கேள்வி. பேகல் சில மணி நேரத்து உணவு. அடுப்பிலிருந்து வந்த முதல் ஒரு மணி நேரம் அற்புதம். மதியத்துக்குள்ள ரப்பர். மறுநாள் காலையில கல். அந்தச் சில மணி நேரத்தை உங்களுக்குக் கொடுக்கறதுக்காக யாரோ ராத்திரி முழுக்கக் கண் முழிச்சிருக்காங்க. அவங்க கதைதான் இன்னைக்கு.

முதல்ல, பேகல்னா என்னன்னு சுருக்கமா பார்த்துடலாம். புரதம் அதிகமுள்ள கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் மால்ட். மாவைக் கெட்டியாகப் பிசைந்து, வளையமாகச் சுற்றி, ராத்திரி குளிரில் ஊறவிட வேண்டும். அப்புறம்தான் விஷயமே இருக்கு: சுடுவதற்கு முன்னால் அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அப்போது மேல்பரப்பில் இருக்கிற மாவுச்சத்து கஞ்சி மாதிரி வெந்து ஒரு தோலாகிவிடும். அதுக்கப்புறம் அடுப்பில் வைத்தால் ரொட்டி அதிகம் உப்பாது. மேலே பளபளப்பு, உள்ளே பல்லுக்கு வேலை. இந்த ஸ்டெப்பை விட்டுட்டா கிடைக்கறது நடுவுல ஓட்டை போட்ட பன், அவ்வளவுதான். எண்ணெய், வெண்ணெய் எதுவும் இல்லாத மாவு என்பதால் சீக்கிரம் வறண்டும் போகும்.

இதோட பூர்வீகம் போலந்து. க்ராகோவ் நகரத்தில் ஒப்வஜானெக் என்று வளைய வடிவ ரொட்டி ஒன்று உண்டு, அதையும் வேகவைத்துத்தான் சுடுவார்கள். 1394-ஆம் ஆண்டின் அரண்மனைக் கணக்குகளிலேயே அது வருகிறது. பேகல் என்ற பெயர் தென்படுவது 1610-ல், அதே க்ராகோவில், யூத சமூகத்தார் தங்களுக்காக எழுதிக்கொண்ட விதிகளில். பிள்ளைப்பேறு சமயத்தில் கொடுக்கிற பொருளாக அங்கே அது பேசப்படுகிறது. 1683-ல் வியன்னாவைக் காப்பாற்றிய போலந்து மன்னர் சோபியெஸ்கியைப் பாராட்ட, அவருடைய குதிரையின் அங்கவடி வடிவத்தில் ஒரு ரொட்டிக்காரர் செய்தார் என்று ஒரு கதை இணையம் முழுக்கச் சுத்துது. நல்ல கதை. ஆனா 1610-ல் எழுத்துல இருக்கற ரொட்டியை 1683-ல் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

இப்போ கடல் தாண்டுவோம். 1880-களிலிருந்து 1924 வரை சுமார் இருபது லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வந்தார்கள். வறுமை ஒரு காரணம், ரஷ்யப் பேரரசில் நடந்த கலவரங்கள் இன்னொரு காரணம். பெரும்பகுதிப் பேர் நியூயார்க்கில் இறங்கி, லோயர் ஈஸ்ட் சைட் என்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் தங்கினார்கள். அந்தக் கட்டிடங்களின் நிலவறைகளில் பேக்கரிகள் முளைத்தன. வாடகை கம்மி, கனமான அடுப்பைத் தாங்கத் தரை இருக்கிறது, அதனால் நிலவறை.

அந்த இடத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. தலை இடிக்கிற கூரை. அதுக்கு மேல சாக்கடைக் குழாய். ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் அடுப்பு, இன்னொரு பக்கம் கொதிக்கிற கொப்பரை. மாவுத்தூள் மூச்சுக்குள்ள போயிட்டே இருக்கும். ஊருக்கே காலை உணவு வேணும்னா இவங்க வேலை சாயங்காலம் ஆரம்பிச்சு விடியற வரைக்கும். களைத்துப் போனவர்கள் அங்கேயே மாவு மூட்டை மேல் படுத்துக்கொள்வார்கள்.

1895-ல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பேக்கரித் தொழிலாளியை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. ரொட்டி செய்கிற அறையிலேயே தூங்கவும் கூடாது. கேட்டா ரொம்ப சாதாரணமான சட்டம் மாதிரி இருக்கில்ல? 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதிலிருந்த வேலை நேர வரம்பை ரத்து செய்தது. நாலு நீதிபதிகள் எதிர்த்தார்கள், ஐந்து பேர் ஆதரித்தார்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்வது என்பது முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தச் சுதந்திரம், அரசு தலையிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். லாக்னர் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் படிக்கிறார்கள். நிலவறையில் மாவு மூட்டை மேல படுத்திருக்கறவருக்கு என்ன பேரம் பேசற சுதந்திரம் இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சட்டம் கைவிட்ட இடத்தில் சங்கம் வந்தது. 1930-களில் பேகல் செய்கிறவர்களுக்கென்றே தனிச் சங்கம்: லோக்கல் 338. மொத்தம் சுமார் 300 பேர்தான். நாலு பேர் ஒரு குழு. ரெண்டு பேர் மேசையில் மாவை உருட்டி வளையம் போடுவார்கள், ஒருத்தர் கொப்பரை, ஒருத்தர் அடுப்பு. எத்தனை பேகல் செய்கிறார்களோ அத்தனைக்குக் கூலி. சங்கக் கூட்டங்கள் யிட்டிஷ் மொழியில் நடந்தன. உறுப்பினராக வேண்டுமென்றால் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கிறவரின் மகனாகவோ, சகோதரர் மகனாகவோ இருக்க வேண்டும். கையால பேகல் உருட்டக் கத்துக்கறதுக்கே மாதக்கணக்கில் ஆகும், அதனால அந்த வித்தை வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

இந்த 300 பேருக்கு எவ்வளவு பலம் இருந்தது என்று 1951 டிசம்பரில் தெரிந்தது. சம்பளத் தகராறில் நகரத்தின் 34 பேகல் பேக்கரிகளில் 32 மூடிவிட்டன. பேகல் பஞ்சம் என்றே பத்திரிகைகள் எழுதின. பேகல் இல்லாததால் உப்பு மீன் விற்கிற கடைகளிலும் வியாபாரம் படுத்தது. அடுத்த பிப்ரவரியில்தான் சமரசம் வந்தது. ஒரு நிலவறைத் தொழிலாளி, தன்னுடைய ராத்திரிக்கு ஒரு விலை உண்டு என்று ஊருக்கே காட்டிய தருணம் அது. எனக்கு இந்தச் சங்கத்து மேல ரெண்டு மனசு இருக்கு, சொல்லிடறேன். அவங்க வாங்கின சம்பளமும் மரியாதையும் நியாயமானது. ஆனா மகனுக்கும் அண்ணன் பிள்ளைக்கும் மட்டும் திறக்கற கதவு வெளியில நிக்கறவனுக்குச் சுவர்தானே.

அந்தச் சுவரை இடிக்க ஆட்கள் வரவில்லை, மெஷின் வந்தது. டேனியல் தாம்ப்சன் என்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கணக்கு வாத்தியார். (மடக்கி வைக்கிற டேபிள் டென்னிஸ் மேசையும் இவர் கைவண்ணம்தான்.) பேகல் வளையத்தைத் தானாக உருவாக்கும் மெஷினை அவர் செய்தார். 1963-ல் அதை வாடகைக்கு எடுத்தது நியூ ஹேவனிலிருந்த லெண்டர் குடும்பம். குடும்பத் தலைவர் ஹாரி லெண்டர், போலந்தின் லூப்லினிலிருந்து வந்து 1927-ல் அங்கே பேக்கரி போட்டவர். பேகல் விற்பனை முழுக்க ஞாயிற்றுக்கிழமையில் குவிந்து கிடந்தது. அதைச் சமாளிக்க, வார நாட்களில் சுட்டு, உறையவைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்து விற்கும் முறையை அவர்கள் 1950-களிலேயே பிடித்துவிட்டார்கள். மெஷினும் ஃப்ரீசரும் சேர்ந்தபோது பேகல் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனது, முன்கூட்டியே ரெண்டாக வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு. பேகலைக் கண்ணால் பார்த்திராத ஊர்களெல்லாம் சாப்பிட ஆரம்பித்தன. 1984-ல் லெண்டர் நிறுவனத்தை க்ராஃப்ட் வாங்கியது. லோக்கல் 338 அதற்குள், 1970-களின் தொடக்கத்திலேயே, வேறொரு சங்கத்தோடு இணைக்கப்பட்டு மறைந்திருந்தது.

அதே 1963-ல்தான் மன்ஹாட்டனின் பழைய பென் ஸ்டேஷனையும் இடிக்க ஆரம்பித்தார்கள். தற்செயல்தான். ஆனா நீங்க ரயிலேறப் போற இடம் அதுங்கறதால சொன்னேன். எதிரே இருந்த பழைய தபால் நிலையக் கட்டிடத்துக்குள் மொய்னிஹான் ஹால் 2021 ஜனவரி 1-ஆம் தேதி திறந்த பிறகுதான், அங்கே காத்திருக்கிறவர்களுக்குத் தலைக்கு மேல் வெளிச்சம் திரும்ப வந்தது.

மேலே தடவற விஷயத்துக்கும் ரயிலுக்கும்கூட உறவு உண்டு. 1869-ல் அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதை முடிந்தது. பசிபிக் கரையின் சால்மன் மீன் உப்புத் தண்ணீரில் ஊறியபடி பீப்பாய் பீப்பாயாக நியூயார்க் வந்தது. லாக்ஸ் என்பது அந்த உப்பு மீன். இன்றைக்குக் கடையில் லாக்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது நோவா, அது லேசாகப் புகை போட்டது, உப்புக் கம்மி. க்ரீம் சீஸ் 1870-களில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்ற ஊரில் பிறந்தது. பேர் மட்டும் பிலடெல்பியா. அந்தக் காலத்தில் நல்ல பாலுக்கு அந்த ஊர்ப் பேர்தான் விற்கும்!

சரி, நம்ம பிளானுக்கு வருவோம். ரயில் எட்டரை வாக்கில்னு வெச்சுக்கோங்க. ஆறரை மணிக்குக் கடை வாசல்ல இருங்க. பிடிச்ச ஃப்ளேவரை மனசுல வெச்சுட்டுப் போகாதீங்க, "இப்போ எது சூடா இருக்கு?"ன்னு கேளுங்க. அதுதான் உங்க பேகல். சூடா வந்ததை டோஸ்ட் பண்ணச் சொல்லாதீங்க; டோஸ்டருக்கு வேலை வெச்சது ஃப்ரீசர்ல வந்த பேகல்தான். ஒண்ணை அங்கேயே நின்னு சாப்பிடுங்க. இன்னொண்ணை வெட்டாம, முழுசா, பேப்பர் பையில வாங்கிக்கோங்க. இதுல ஒரு லாபமும் இருக்கு: நியூயார்க்கில் முழு பேகலை வாங்கிட்டுப் போனா விற்பனை வரி கிடையாது. கடைக்காரர் கத்தியை எடுத்து ரெண்டா வெட்டின நிமிஷம் அது பரிமாறப்பட்ட உணவாகி வரி விழும். விளையாட்டில்லை, நிஜமான விதி!

க்ரீம் சீஸை தனி டப்பாவில் வாங்கி, சாப்பிடும்போது தடவிக்கோங்க. மீன் வேணாம்னு சொல்வேன். பூட்டின பெட்டியில பக்கத்து சீட்டுக்காரரோடு பத்து மணி நேரம் போகணும். மதியத்துக்குள்ள சாப்பிட்டு முடிச்சுடுங்க. மீதி இருந்தா எல்லையில் ஏறும் கனடா அதிகாரிகளிடம் சாப்பாடு இருக்குன்னு சொல்லிடணும். ராத்திரி தங்கற இடத்துல ஃப்ரிட்ஜ்ல வைக்கறது மட்டும் வேணாம், அந்தக் குளிர்ல ரொட்டி இன்னும் வேகமா இறுகும். முழுசா உறையவெச்சாதான் நிக்கும். லெண்டர் குடும்பம் அந்த விஷயத்துல சரிதான்.

இன்னைக்கு நியூயார்க்கில் அந்தக் கொப்பரைக்கு முன்னால் நிற்பவர்களில் யிட்டிஷ் பேசுகிறவர்கள் அபூர்வம். புரூக்ளினில் கோனி ஐலண்ட் பேரில் 1920-ல் ஆரம்பித்த பேகல் கடை ஒன்றை 2011-ல் பாகிஸ்தானிலிருந்து வந்த ரெண்டு பேர் வாங்கி, யூத உணவு விதிகளை மாற்றாமல் நடத்தினார்கள். அண்ணன் பிள்ளைக்கு மட்டும்னு இருந்த வித்தை அது.

மாண்ட்ரியாலில் இறங்கினதும் தூங்கப் போகாதீங்க. மைல் எண்ட் பகுதிக்குப் போங்க. 1919-ல் வேர்விட்ட ஃபேர்மவுண்ட், 1957-ல் ஆரம்பித்த சாண்-வியாட்டர், ரெண்டும் அங்கே நடக்கிற தூரத்தில். சாண்-வியாட்டரைத் தொடங்கிய மையர் லெவ்கோவிச், நாஜிகளின் புகன்வால்ட் முகாமிலிருந்து உயிரோடு வந்தவர். அந்தக் கடையில் சிறுவயதிலேயே வேலைக்குச் சேர்ந்த ஒரு இத்தாலியக் குடும்பத்துப் பையன்தான் பின்னாளில் அதன் முதலாளி. மாண்ட்ரியால் பேகல் சின்னது, ஓட்டை பெரியது, மாவில் உப்பு இல்லை. கொதிநீரில் தேன் கலந்திருக்கும். விறகு அடுப்பு.

ஊர் அடங்கின நேரத்திலும் ரெண்டு கடையிலும் வெளிச்சம் இருக்கும். உள்ளே ஒருத்தர், ஆள் உயரத்துக்கு மேல நீளமான மரத் துடுப்பால எள்ளு ஒட்டின வளையங்களை அடுப்பிலிருந்து வரிசையா வாரி வெளியே தள்ளிட்டு இருப்பார். கையில வாங்கும்போது பேப்பர் பை சுடும். ரெண்டு கேளுங்க.