எம்டன் கப்பலும் ஆதிலட்சுமி கப்பலும்: ஒரு பட்டியலைச் சரிபார்த்தபோது

எங்க திம்புள்ளப் பக்கம் ஒருத்தரை "அவன் பெரிய எம்டன்"னு சொன்னா, ஆள் கெட்டிக்காரன், கொஞ்சம் பயங்கரமானவன், லேசுல பிடிபட மாட்டான்னு அர்த்தம். எங்களில் ஒருத்தியின் தாத்தா, அந்தக் காலத்துப் பெரிய கங்காணி ஒருத்தரைப் பத்திப் பேசும்போதெல்லாம் இந்தச் சொல்லைத்தான் எடுப்பார். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல்னும் அவருக்குத் தெரியும். "மெட்ராசுல குண்டு போட்ட கப்பல். அதுல நம்மாளு ஒருத்தரு இருந்தாரு" என்பார்.

போன செமஸ்டர் லீவில், மழை விடாமல் பெய்த ஒரு வாரம், நாங்கள் நாலு பேர் லயத்து வாசலில் உட்கார்ந்து இதைத் தேட ஆரம்பித்தோம். இரண்டு போன், ஒரு டேட்டா கார்ட். நாங்க எதிர்பார்த்தது ஒரு சாகசக் கதை. கிடைச்சது ஒரு அட்டவணை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஜெர்மனியின் இலகுரகப் போர்க்கப்பல்களுக்கு ஒரு பட்டியல் இருக்கு. ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும் ஒரு சின்ன அறிமுகம், அதற்குக் கீழே அட்டவணை. எத்தனை பீரங்கி, கவசம் எவ்வளவு கனம், எடை, இயந்திரம், எப்போது கட்டத் தொடங்கினார்கள், எப்போது சேவையில் சேர்ந்தது, கடைசியில் என்ன ஆச்சு. எம்டன், டிரெஸ்டன் வகையைச் சேர்ந்த இரண்டு கப்பல்களில் ஒன்று. 10.5 சென்ரிமீற்றர் பீரங்கி 10. சேவையில் சேர்ந்தது 1909 ஜூலை. 1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை அடித்து நொறுக்கியது. ஒரு கப்பலின் வாழ்க்கை முழுக்க ஒரே வரியில்.

முதலில் சலிப்பாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த மாதிரிப் பட்டியல்களை எப்படிச் சரிபார்க்கிறாங்கன்னு படிச்ச பிறகு எங்களுக்கு விசயம் வேறயா தெரிஞ்சுது.

அங்கே இராணுவ வரலாறு எழுதும் தன்னார்வலர் குழு ஒன்று இருக்கு. யாருக்கும் சம்பளம் கிடையாது. போர்க்கப்பல் கட்டுரைகளை மட்டும் உயர் தரத்துக்குக் கொண்டுவர அவர்கள் தனியாக ஒரு திட்டம்கூட வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் 'ஒபரேஷன் மெஜஸ்டிக் டைட்டன்'. ஒருத்தர் பட்டியல் எழுதி முடித்ததும் அதைப் பொதுவில் வைப்பார். எழுத்தில் பங்கெடுக்காத குறைந்தது மூன்று பேர் அதை வரி வரியாகப் படித்து 'சரி' என்று சொல்லணும். யாராவது நியாயமான குறை சொன்னால் அதைத் தீர்க்காமல் நகர முடியாது. இதைத் தாண்டியவை, இன்னும் கடுமையான 'சிறப்புப் பட்டியல்' தேர்வுக்குப் போகலாம்.

அவங்க கேட்கிற கேள்விகள் எல்லாம் சாதாரணக் கேள்விகள். இந்த எண்ணை எங்க இருந்து எடுத்தீங்க? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்? பட்டியலில் எதைச் சேர்த்தீங்க, எதை விட்டீங்க, அதை முன்னுரையில் சொன்னீங்களா? ஒரு வரியில் மீற்றர், அடுத்த வரியில் அடி என்று மாறுதே, ஏன்? இந்தப் படத்தைப் போட உரிமை இருக்கா?

"எம்டன் எத்தனை கப்பலைப் பிடிச்சது?" என்ற கேள்வியையே எடுத்துக்குவோம். புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறும். பொய் சொல்வதால் அல்ல. மூழ்கடித்த வணிகக் கப்பல்களை மட்டும் எண்ணலாம். பிடித்துவிட்டுப் பிறகு விடுவித்த கப்பல்களையும் சேர்க்கலாம். கொழும்புக்கு மேற்கே பிடித்துத் தனக்கே நிலக்கரிக் கப்பலாக வைத்துக்கொண்ட 'புரெஸ்க்' எந்தக் கணக்கில் வரும்? பினாங்கில் மூழ்கடித்த ரஷ்யப் போர்க்கப்பலும் பிரெஞ்சுப் போர்க்கப்பலும் எதில் வரும்? அதனால் 'எத்தனை' என்று எழுதுவதற்கு முன் 'எதை எண்ணுகிறோம்' என்று எழுதணும். எங்க வரலாறு விரிவுரைகளில்கூட இதை இவ்வளவு தெளிவாக நாங்க விளங்கிக்கொண்டதில்லை.

இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு தாத்தாவின் கதைக்கு வந்தோம். மெட்ராசில் குண்டு போட்டது உண்மை. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தில் இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. ஆனா "நம்மாளு ஒருத்தரு"? அது செண்பகராமன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர், ஐரோப்பாவில் இருந்து பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக வேலை செய்தவர். அவர் எம்டனில் வந்து சென்னையைத் தாக்கினார் என்று தமிழில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எம்டன் 1914 ஜூலை கடைசியிலேயே சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் போய்விட்டது. செண்பகராமன் அந்த நேரம் சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் பேர்லினுக்குப் போனார். ஒரே ஆள் ரெண்டு இடத்துல இருக்க முடியாது.

இதைச் சொன்னதும் தாத்தாவுக்குக் கோபம். அன்னைக்கு எங்களோட பேசல. அடுத்த நாள் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே கேட்டார்: "சரிடா. அந்தக் கப்பல்ல நம்மாளு வரல. நம்மாளு வந்த கப்பலுக்குப் பட்டியல் இருக்கா?"

மலையகத்தில் மேடைகளிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி உண்டு: 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல், தோட்டங்களுக்கு வந்த 120 தொழிலாளர்களோடு கடலில் மூழ்கியது. நாங்க ஸ்கூல் படிக்கிற காலத்திலேயே மே தினப் பேச்சில் கேட்ட வரி. அதை அந்த அட்டவணைக்குள் போட்டுப் பார்த்தோம். கப்பலின் எடை என்ன? எந்தத் துறையில் இருந்து எந்தத் துறைக்கு? மாலுமிகள் யார்? அந்த 120 பேரில் பெண்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை? பெயர்கள்? அந்த வரி இந்தக் கட்டங்கள் எதையும் நிரப்பாது. பெயரும் எண்ணும் ஆண்டும் மட்டும்தான் கட்டுரைக்குக் கட்டுரை தாவி வருகின்றன.

எம்டனுக்கு ஏன் எல்லாக் கட்டமும் நிரம்புது? அதற்கு ஒரு அரசு காசு கொடுத்தது. கட்டிய தளம் கணக்கு வைத்தது, கடற்படை கணக்கு வைத்தது. பிறகு எரிக் குரோனர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்த நாட்டின் போர்க்கப்பல்களை எல்லாம் தொகுத்துப் புத்தகமாக்கினார். விக்கிப்பீடியாவின் ஜெர்மன் கப்பல் பட்டியல்கள் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தில்தான் சாய்ந்து நிற்கின்றன. எம்டனில் உயிர் பிழைத்த மாலுமிகளுக்கு, தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ளும் உரிமையை ஜெர்மனி கொடுத்தது.

அதே காலத்தில் எங்க ஆட்கள் கழுத்தில் என்ன தொங்கியது? தகரத் துண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போற ஆள் என்று காட்டும் எண் அதில் பொறித்திருக்கும். வழிச் செலவு அந்த எண்ணின் பேரில் எழுதப்படும், பிறகு கடனாக ஆள் தலையில் விழும். 1914இல், எம்டன் இந்தச் சமுத்திரத்தில் சுற்றிய அதே வருசம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. எங்க பூட்டன் பூட்டிகளில் பலர் கடல் கடந்தது அதில்தான்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. 'ஆதாரம் காட்டு' என்ற சொல் மலையகத்தான் காதில் வேற மாதிரி விழும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டதும் ஆதாரம்தான். இந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குக் கடதாசி வேணும். லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த ஆளின் தகப்பனுக்கு எங்கே கடதாசி? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், இத்தனை வருசம் விடாமல் இங்கே இருந்ததை நிரூபி என்றது. இரண்டு சட்டமும் சேர்ந்து லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கின. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. அந்தப் பட்டியலை யாரிடமும் காட்டிச் சரியா என்று கேட்கவில்லை.

அப்போ கப்பல் பட்டியலுக்கு ஆதாரம் கேட்பவரும் 1948இன் அதிகாரியும் ஒன்றா? எங்களுக்குள்ள இதில் பெரிய சண்டையே நடந்தது. "ஆதாரம் இருக்கிறவன் எழுதினதுதான் வரலாறுன்னா நாம எப்பவுமே வெளியிலதான்" என்று ஒருத்தி சொன்னாள். அது பொய்யில்ல. அச்சில் வந்த மூலம் வேணும் என்ற விதி, அச்சுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கே சாதகம்.

ஆனாலும் ரெண்டும் ஒன்று இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தோம். விக்கிப்பீடியாவில் நிரூபிக்கும் பாரம் எழுதினவர் மேல் விழும், எழுதப்பட்டவர் மேல் இல்லை. கேள்வி கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று எல்லோரும் பார்க்க எழுதணும். இன்னைக்குத் தள்ளப்பட்ட பட்டியல், குறையைத் திருத்திக்கொண்டு நாளைக்குத் திரும்ப வரலாம். 1948இல் கடதாசிகள் தோட்டத் துரையின் ஆபீசிலும் அரசாங்கத்திடமும் இருந்தன, அதைக் கொண்டுவரும் பாரம் மட்டும் கூலியின் தலையில் இருந்தது.

இன்னொன்றும் ஒத்துக்கொள்ளணும். கேள்வி கேட்பதால் செண்பகராமனை எம்டனில் இருந்து இறக்கிவிட்டோம். அதே கேள்வியை ஆதிலட்சுமிக்குக் கேட்காமல் விட்டால் நாங்க நேர்மையானவங்க இல்ல. நம்ம கதை என்பதற்காக அந்த வரியைச் சும்மா ஒப்பிக்கிறது, செத்த 120 பேருக்குச் செய்யும் மரியாதையும் இல்ல. கேள்வி கேட்டால்தான் யாராவது கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கோ சென்னையில் ஆவணக் காப்பகத்துக்கோ போய் 1864ஆம் ஆண்டுக் கடிதங்களைப் புரட்டுவார்கள். எங்களில் ரெண்டு பேர் அடுத்த லீவில் கொழும்புக்குப் போவதாக முடிவு.

அதுவரை சும்மா இருக்காமல் நாங்களும் ஒரு பட்டியல் தொடங்கியிருக்கோம், எங்க லயங்களில் இருந்து. பெயர், வந்த ஊர், வந்த வழி, வந்த காலம், கடைசிக் கட்டத்தில் 'சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னது'. கடதாசி இருந்தால் அதன் படம். இல்லாவிட்டால் 'வாய்மொழி' என்று தெளிவாக எழுதுகிறோம். ஆண்டு நிச்சயமில்லாத இடத்தில் ஆண்டை இட்டுக்கட்டுவதில்லை. ஒருத்தர் எழுதினதை மற்ற மூணு பேரும் பார்க்கணும். இதுவரை 23 வரிகள். அதில் ஆறு வரிகளை நாங்களே ஒருத்தருக்கொருத்தர் திருப்பி அனுப்பிவிட்டோம்.

உங்க வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய பாஸ்போட், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, பாட்டியின் பழைய சம்பளத் துண்டு, ஒரு தகர வில்லை இருக்கலாம். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, அது யாருடையது, எப்படி உங்களிடம் வந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைங்க.

எங்க பட்டியலின் முதல் வரி தாத்தாவின் அப்பா. வந்த வழி: தலைமன்னார். சொன்னவர்: மகன். கப்பலின் பெயர் என்ற கட்டத்தில் தாத்தா "எம்டன்னு போடு" என்று சிரித்தார். நாங்க போடல.